தகரம் கழன்ற ஜிப்ஸி

வால்பாறை மழையில் இருபது வருடம் நனைந்த வண்டி. 1997-ல் அப்பா வாங்கிய ஜிப்ஸி கிங். தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்கு வந்தபோது, நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அதுவும் கூடவே வந்தது. இப்போது கொப்பரைக் களத்தின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ஓட்டுகிறவர் காலடித் தகரம் கை பட்டாலே உதிர்கிறது. முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டும் துருவேறிப் பொரிந்துவிட்டன. ஆனால் புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பியதும் என்ஜின் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

டிங்கரிங் வேலைக்குக் கேட்ட தொகையில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். விற்றால் காயலான் கடை விலை. பாடியை எடுத்துவிட்டு, சேசிஸ் மேல் குழாய்க் கூண்டு கட்டி, தோப்புக்குள் ஓட்டுகிற பக்கியாக ஆக்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காபி குடிக்கும்போது, "ஹாரனை மட்டும் தூக்கிப் போட்டுராத கண்ணு" என்றார்.

*

சட்டத்தை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரித்தவர்கள் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, பக்கி ஆன பிறகு அது தார்ச் சாலையில் ஏறக் கூடாது. எஃப்.சி.யும் முடிந்து போயிருந்தது. இனி ஓடாது என்று எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைத்துவிட்டோம், 55-வது பிரிவு அதற்குத்தான். இனி இந்த வண்டி எங்கே போனாலும் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் போகும். கிளப்காரர்கள் தனியார் நிலத்தில் நடத்தும் போட்டிகளுக்கும் அப்படித்தான்.

*

கழற்றுவதற்கு முன் பெட்ரோல் டேங்க். 40 லிட்டர் டேங்க், பின்பக்கம் அடியில் இருக்கிறது. காலி டேங்க்தானே என்று பக்கத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. நிறைந்த டேங்கைவிட ஆவி மட்டும் நிற்கிற காலி டேங்க்தான் ஆபத்து. கழற்றி, தோப்பின் மறு கோடியில் கொண்டுபோய் வைத்தோம்.

*

பாடியைத் தூக்கத் தேங்காய் லோடு ஏற்றுகிற ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். கதவு, கண்ணாடி, சீட்டு, பானட் எல்லாம் ஏற்கெனவே போயிருந்தன. இருந்தும் வலது பின் மூலை போல்ட் ஒன்று அசையவில்லை. இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்தும், சூடு காட்டியும் வரவில்லை. கடைசியில் கட்டிங் வீல். அந்தத் தலை தெறித்ததும் பாடி ஒரு முறை முனகிவிட்டு எழும்பியது.

எடை இறங்கியதும் சேசிஸ் தானாக மூன்று விரற்கடை மேலே ஏறிக்கொண்டது. ஸ்பிரிங் பட்டைகள் ஆயிரம் கிலோ வண்டிக்காகக் கட்டப்பட்டவை. சுமை போனதும் விறைத்துக்கொண்டன. வண்டியைத் தூக்க வேண்டும், தூக்க வேண்டும் என்று காசு செலவழிக்கிறவர்கள் முதலில் கழற்றிப் பார்க்கலாம்.

*

சேசிஸைச் சுத்தியலால் தட்டிக் கேட்டேன். இரண்டு பக்கமும் பெட்டி போல மூடிய இரும்பு, உள்ளே கூடு. நல்ல இடத்தில் கணீர் என்கிறது. முன்னிருந்து பின்னாக அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால் இடது பின் ஸ்பிரிங் தொங்குகிற இடத்துக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் 'பொத்' என்று விழுந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினேன்; கட்டைவிரல் நீளத்துக்கு உள்ளே போனது. வெளியே எடுத்ததும் துவாரத்திலிருந்து கறுத்த ஈரமண் கொட்டியது, அதோடு மக்கின இலையின் நரம்பும். தண்ணீர் வடியக் கம்பெனிக்காரர்கள் விட்ட ஓட்டைகளை மலைச் சேறு அடைத்திருக்கிறது. இருபது வருடம் அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே தின்றிருக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது.

ஒரு அடி நீளத்துக்கு வெட்டி எடுத்து, அதே கனத்தில் புது தகடு வைத்தோம். மற்ற ஓட்டைகளையெல்லாம் கம்பி விட்டுத் திறந்தேன். மலைப் பக்கம் ஜிப்ஸி வைத்திருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை இந்தக் கம்பி வேலையைச் செய்தாலே போதும்.

*

ஜிப்ஸி ஏன் இதற்குத் தோதான வண்டி என்று கேட்கிறார்கள். இப்போது வருகிற சின்ன எஸ்.யூ.வி.களில் பெரும்பாலானவற்றுக்குப் பாடியும் சட்டமும் ஒன்றுதான். தகரத்தை வெட்டினால் வண்டியே இல்லை. ஜிப்ஸிக்குக் கீழே ஏணி மாதிரி தனிச் சேசிஸ். என்ஜின், கியர் பாக்ஸ், இரண்டு ஆக்ஸில், ஸ்டியரிங் எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பாடியைக் கழற்றிய பிறகும் எங்கள் சேசிஸ் ஓடியது. ஒரு பலகையைக் குறுக்கே கட்டி, அதில் உட்கார்ந்து களத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தேன்.

1985 டிசம்பரில் வந்தபோது 970 சி.சி., 45 குதிரைத்திறன். 1993-ல் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை 90 மி.மீ. கூட்டினார்கள். 1996-ல் 1.3 லிட்டர் கிங், 60 குதிரைத்திறன், 2000-ல் கார்புரேட்டருக்குப் பதிலாக எம்.பி.எஃப்.ஐ. வந்து 80 ஆனது. எங்களுடையது கார்புரேட்டர் 60.

அந்த அறுபது போதுமா? போதும். முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.268, ஆக்ஸில் 3.909. மூன்றையும் பெருக்கினால் 32 மடங்குக்கு மேல். ஐட்லிங்கில் என்ஜின் 800 சுற்று சுற்றினால் சக்கரம் நிமிடத்துக்கு 25 சுற்றுகூட வராது. கம்பெனி டயரில் அது மணிக்கு 3 கி.மீ.தான், மனிதர் நடப்பதைவிட மெதுவு. காலை எடுத்துவிட்டால் பாறை மேல் மாட்டு வண்டி போல ஊர்ந்து ஏறும். வேகத்தில் மோதி ஏறுகிறவர்கள்தான் ஆக்ஸிலை ஒடிக்கிறார்கள்.

*

கூண்டு. இந்த வேலையில் என் மனம் முழுக்க இருந்தது இதில்தான். மற்ற எதில் தப்பு வந்தாலும் வண்டி நிற்கும். இதில் வந்தால் உள்ளே இருப்பவர் போவார்.

முதல் தப்பு குழாய். வெல்டர் அண்ணா கேட்டும் கிரில்லும் செய்கிறவர், முப்பது வருடக் கை. அவர் பட்டறையில் கிடந்த ஜி.ஐ. பைப்பையே போட்டுவிடலாம் என்றார். அது தண்ணீர் போகச் செய்தது. தையல் போட்ட குழாய், அடி விழுந்தால் தையலில் பிளக்கலாம். மேலே துத்தநாகப் பூச்சு வேறு. வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை எழும்பி, அன்று ராத்திரியே குளிர் ஜுரம் வரும். இளவயதில் அவருக்கே வந்திருக்கிறது. "பால் குடிச்சாச் சரியாப் போயிருமுங்க அம்மிணி" என்றார். பால் ஒன்றும் செய்யாது, அந்தப் புகையை இழுக்காமல் இருப்பதுதான் வழி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இத்தன வருசம் சும்மாவா குடிச்சோம்" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை பட்டறையில் எத்தனை பேர் ஒரு டம்ளர் பாலை நம்பி அந்தப் புகைக்குள் நின்றிருப்பார்கள்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி, பிரதான வளைவுக்குத் தையலில்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய் வேண்டும்: 45 மி.மீ. விட்டம் என்றால் 2.5 மி.மீ. கனம், 50 என்றால் 2. நான் 45 எடுத்தேன். மீட்டருக்கு 2.6 கிலோ. மொத்தம் 30 மீட்டர் போனது, அதாவது கிட்டத்தட்ட 80 கிலோ. ஆட்கள் கூண்டையும் இளைக்கப் பார்க்கிறார்கள். இறக்கிய 300 கிலோவில் 80-ஐத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கசக்கவில்லை.

*

இரண்டாவது தப்பு வளைவு. பிளம்பர்கள் வைத்திருக்கும் ஹைட்ராலிக் பெண்டரில் முதல் குழாயை வளைத்தோம். உள்பக்கம் மடிப்பு விழுந்து, குழாய் அங்கே தட்டையாகிவிட்டது. பார்க்கச் சின்னக் குறைதான். ஆனால் வண்டி உருண்டால் முதலில் மடங்குவது அந்த இடம். குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைக்க வேண்டும், வளைந்த இடத்தில் குறுகிய விட்டம் அகன்ற விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. வெர்னியர் வைத்தேன், நம்முடையது பத்தில் ஏழைத்தான் தொட்டது. தூக்கிப் போட்டோம். ஆறு மீட்டர் குழாய் வீண்.

பஸ் பாடி கட்டுகிற ஊர் கரூர். குழாய் வளைப்பது அங்கே அன்றாட வேலை. குழாய்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கள் அட்டை மாதிரியை வாங்கிப் பார்த்த பெரியவர் ஒன்றும் கேட்காமல், அதைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்தார். வளைக்க வளைக்க குழாயைக் கொண்டுவந்து கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். கோடு மறைந்தால் சரி. நான்கு வளைவுள்ள பிரதான வளையம் அரை மணி நேரத்தில் முடிந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல்.

*

குழாயைக் குழாயோடு சேர்க்கும்போது முனையை மீன் வாய் போல அரைவட்டமாகக் குடைய வேண்டும். பழைய தினசரி காலண்டர் தாள்தான் அச்சு. தாளைக் குழாயில் சுற்றி, வளைவுக் கோட்டைக் குறித்து, கிரைண்டரால் வெட்டி, அரத்தால் ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவி. இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அகலமான இடுக்கை ராடால் நிரப்பிவிடலாம் என்பது கேட்டுக்குச் சரி.

வெல்டிங்குக்கு முன் ஒரு சோதனை வைத்தேன். அண்ணாவுக்கு முதலில் வருத்தம்தான். இரண்டு துண்டுக் குழாயை டி வடிவத்தில் ஒட்டச் சொல்லி, வைஸில் பிடித்து, பெரிய சுத்தியலால் அவரையே அடிக்கச் சொன்னேன். பத்தாவது அடியில் வெல்டிங் ஓரமாகத் தோல் உரிவது போல உரிந்து வந்தது. கீழே குழாயின் உலோகம் உருகவே இல்லை. ராடு மேலே பூசினாற்போல ஒட்டியிருக்கிறது. அண்ணா அதைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரன்ட்டைக் கூட்டினார். 6013 ராடை வைத்துவிட்டு 7018 எடுத்தோம். அது ஈரம் பட்டால் கெட்டுப்போகிற ராடு, அடுப்பில் காயவைத்துத்தான் பிடிக்க வேண்டும். மூன்றாவது துண்டில் இருபது அடிக்குப் பிறகு கிழிந்தது குழாய். வெல்டிங் அப்படியே நின்றது. "இனி வெக்கலாமுங்க அம்மிணி" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு டி துண்டு ஒட்டி, உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூண்டைத் தொட்டார். நான் கேட்கவில்லை.

கூண்டின் கால்கள் சேசிஸில் நேராக ஒட்டவில்லை. காலுக்கு அடியில் 3 மி.மீ. கனத்தில், 120 சதுர செ.மீ.க்குக் குறையாத தகடு. ஒட்டுமொத்த வண்டியின் எடையும் தலைகீழாக ஒரு காலில் இறங்கினால், தகடு இல்லாத குழாய் சேசிஸைக் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

*

கோவைக்காரர்களுக்கு இது புதிதல்ல. எஸ். கரிவரதன் 1988-ல் குழாய்ச் சட்டத்துக்குள் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைச் செய்தார். அந்தக் காலத்தில் ஒரு இளைஞருக்குப் பந்தயக் கார் கைக்கு எட்டியது அதனால்தான். 1995-ல் விமான விபத்தில் போனார். செட்டிபாளையத்தில் இருக்கிற பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

பக்கிகளுக்கு மூலவர் கலிபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ். 1964-ல் வோக்ஸ்வேகன் பீட்டில் வண்டியின் பாகங்களோடு ஃபைபர் கிளாஸ் பாடியைச் சேர்த்து மேயர்ஸ் மான்க்ஸ் செய்தார். பிறகு பீட்டிலின் தரைத்தளத்தை 14¼ அங்குலம் குறுக்கி, அதன் மேல் உட்கார வைத்தார். 1967-ல் மெக்ஸிகோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த முதல் பெரிய பந்தயத்தை மான்க்ஸ் ஒன்று 27 மணி 38 நிமிடத்தில் ஓடி ஜெயித்தது. பீட்டிலுக்கு நான்கு சக்கர ஓட்டம்கூடக் கிடையாது. எடை குறைவு, என்ஜின் பின் சக்கரத்தின் மேல். அவ்வளவுதான் அதன் பலம். என் வண்டியில் எதைச் சேர்க்கலாம் என்று ஆசை வரும்போதெல்லாம் அந்த 14¼ அங்குலத்தை நினைத்துக்கொள்கிறேன்.

*

ஜிப்ஸியில் ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது. அதை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றினால் வண்டி ஐந்து அங்குலத்துக்கு மேல் உயரும். ஊரில் எல்லாரும் இதைத்தான் செய்யச் சொன்னார்கள், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று. நான் செய்யவில்லை. உயர்த்தினால் ஸ்டியரிங் ராடின் கோணம் கெடுகிறது, புரொபெல்லர் ஷாஃப்டின் சரிவு கூடுகிறது, ஏற்றத்தில் பட்டையே முறுக்கிக்கொள்கிறது. இதெல்லாம் சரி செய்யக்கூடியவை. சரி செய்ய முடியாதது, எடை மேலே போவது. இதே குடும்பத்துச் சாமுராய் வண்டி கவிழ்கிறதா இல்லையா என்று அமெரிக்காவில் 1988-ல் கிளம்பிய சர்ச்சை, நீதிமன்றம் போய் 2004-ல்தான் சமரசத்தில் முடிந்தது.

பட்டையில் ஒரு தகட்டைக் கழற்றினேன். விறைப்பு போய் வண்டி குனிந்து நிமிர்ந்து போகிறது.

*

சாய்வுச் சோதனை. பட்டறை உத்தரத்தில் செயின் பிளாக் கட்டி, வண்டியின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினோம். மறு பக்க டயர்கள் வழுக்காமல் கட்டை வைத்து அடைத்து, தூக்குகிற பக்கம் கவிழாமல் எதிர்க் கயிறும் கட்டியாயிற்று. சீட்டுகளில் 70 கிலோ மணல் மூட்டை ஆளுக்குப் பதிலாக. கூண்டில் பிளைவுட் கோணமானி ஒட்டி, கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். செயின் தளர்கிற கணம்தான் கணக்கு. அதற்குமேல் போனால் வண்டி தானாகவே கவிழும்.

41 டிகிரி. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதி 65 செ.மீ.; அதை அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் எடை மையம் தரையிலிருந்து சுமார் 75 செ.மீ. அதிகம். ஆசைப்பட்டு மாட்டியிருந்த 31 அங்குல டயரை இறக்கி 29 போட்டேன், சீட்டுகளைப் பத்து செ.மீ. கீழே இறக்கினேன். மறு சோதனையில் 42½. ஒன்றரை டிகிரிக்கு மூன்று நாள் வேலை. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குண்டின் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட்டகட்டி வளைவுல இதே வண்டி ரெண்டு சக்கரத்துல நின்னுச்சு ஒரு தடவ" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சொல்கிறார்.

*

எடை மேடை. கழற்றுமுன் ஸ்டெப்னி, கருவிப் பெட்டியோடு 1,020. இப்போது 800. கொப்பரை லாரிகளுக்கு நடுவில் வேன் மேல் ஏறி வந்த கூண்டை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். வேனின் எடையைக் கழித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

*

மாமாவின் பட்டா நிலத்தில் பழைய பாறைக்குழி ஒன்று இருக்கிறது. அங்கேதான் ஓட்டம். முதல் நாள் செங்குத்தான சரிவில் பாதியில் என்ஜின் திணறி நின்றது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜெட் காற்றை இழுக்கிறது. மிதவையின் மட்டத்தைத் திருத்தியதில் பாதி சரியானது. முழுக்கச் சரியாக எம்.பி.எஃப்.ஐ. வேண்டும், அடுத்த கோடைக்கு.

ஆனைமலைப் பக்கம் ஓட்டலாமே, காட்டுக்குள் அருமையான பாதை இருக்கிறதே என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். புலிகள் காப்பகத்தின் ஓரம் அது. ஆக்ஸில் சீலில் ஒரு கசிவு இருந்தாலே ஓடைத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். அந்த ஓடையில் யானைக் கூட்டம் குட்டியோடு இறங்குகிறது. நான் சின்ன வயதிலிருந்து பார்த்த கூட்டம். பாறைக்குழியில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுகிறேன். அங்கே சக்கரத்தை வைக்க மாட்டேன், யாரையும் கூட்டிப் போகவும் மாட்டேன்.

*

மூன்றாவது ஓட்டம் முடிந்து கழுவிக் காயவைத்து, எல்லா வெல்டிங்கிலும் சிவப்புச் சாயம் அடித்துப் பார்த்தோம். சாயத்தைத் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலிலிருந்து சாயம் கசிந்து மேலே வரும். நாற்பத்தி மூன்று மூட்டுகள். நாற்பத்தி இரண்டு வெள்ளை வெளேர் என்று நின்றன.

இடது பின் கால், தகட்டோடு சேரும் மூலை. முதலில் ஒரு புள்ளி. பிறகு நகத்தின் நீளத்துக்கு ரத்தக் கீறல் போல ஒரு சிவப்புக் கோடு. பழைய துருவை வெட்டிப் புது தகடு வைத்த அதே இடத்தின் மேல். கூண்டில் கோளாறா, அடியில் சேசிஸ் இன்னும் அசைகிறதா என்று வெட்டினால்தான் தெரியும்.

அண்ணா குனிந்து வெகு நேரம் பார்த்தார். மேலேயே ஒரு வரிசை வெல்டிங் ஓட்டி மூடிவிடலாம் என்று சொல்வாரோ என்று நினைத்தேன்.

"முழுசா வெட்டி எடுத்துரலாமுங்க அம்மிணி. நாளைக்கு எட்டு மணிக்கு வர்றேன். பேட்டரி ஒயரை மட்டும் இன்னைக்கே கழட்டி வெச்சிருங்க."

கழற்றி வைத்துவிட்டேன்.